தேங்காய் வாங்கப் போன நேரம்

எங்கள் லாயத்துக்குப் புது வண்டி வரப்போகிறதாம். ஜீப்புக்குப் பின்னால் கொளுவி இழுத்துப் போகிற பெட்டி வண்டி. எனக்குப் பிறகு அங்கே குதிரை பார்க்கிற வேலைக்கு வந்த நிர்மலா போன் எடுத்துச் சொன்னாள். "நீங்கதாம்மா வந்து மொதக் குதிரைய ஏத்தி வைக்கணும். ஒங்க கை பட்டா எந்தக் குதிரையும் ஏறிருமாமே" என்றாள். முழங்கால் வலி என்று சொல்லிவிட்டேன். முழங்கால் வலிப்பது உண்மைதான். நான் வரமாட்டேன் என்றதற்கு அது காரணம் இல்லை.

நுவரெலியாவில் குதிரைகளோடு பிழைக்கிறவர்களைக் கேட்டால் இன்றைக்கும் சொல்வார்கள், அழகம்மாவுக்கு ஏறாத குதிரை கிடையாது என்று. இந்தப் பேச்சை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. யாராவது சொன்னால் முந்தானையைச் சரிசெய்துகொண்டு பேசாமல் இருப்பேன். பேசாமல் இருந்தால் அடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். இப்போது எழுத உட்கார்ந்துவிட்டதால் உள்ளதையே எழுதுகிறேன். எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். மழைக்கு ஒதுங்கிய நாட்களில்தான் பள்ளிக்கூடம் போனேன். எங்கள் ஊர் அக்கரப்பத்தனையில் மழை அதிகம் என்பதால் இந்த அளவுக்காவது எழுத வருகிறது.

அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவள் நான். என் கொழுந்தில் முற்றின இலை கிடக்கிறது என்று கணக்கப்பிள்ளை எல்லாருக்கும் முன்னால் கூடையைக் கவிழ்த்தார். மானம் பெரிதென்று கூடையை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். கவிழ்த்ததில் முற்றின இலை நிறையவே இருந்தது. நுவரெலியாவில் அக்கா வீட்டில் இருந்துகொண்டு லாயத்துக்குப் புல் வெட்டிக் கொடுத்தேன். வாசலில் புல்லுக்கட்டைப் போட்டுவிட்டுப் போகிறவள், பிறகு தொட்டி வரைக்கும் கொண்டுபோய்ப் போட்டேன். பிறகு சாணி அள்ளினேன், தண்ணீர் காட்டினேன், முதுகு தேய்த்தேன், குளம்பு சுரண்டினேன். ஒரு குதிரை காலை மிதித்தது, ஒன்று தோளைக் கடித்தது, ஒன்று என்னை ஏரித் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போனது. மற்றவர்கள் பயிற்சி என்று சொல்வது எனக்கு இவ்வளவுதான். பொம்பளை குதிரை பிடிப்பதா என்று சிரித்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் சிரிப்பதற்கு நானும் குறைவில்லாமல் கொடுத்தேன்.

லாயத்தை நடத்தியவர் ஒரு சிங்கள ஐயா. எல்லாரும் அவரை மாத்தயா என்றுதான் கூப்பிடுவோம். தோட்டத்துப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவர், தமிழ் எங்களைப் போலவே பேசுவார். ஆனால் பேசத்தான் மாட்டார். புதுக் குதிரை வந்தால் அதன் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். அது தானாக வந்து அவர் தோளை முகரும் வரைக்கும் அப்படியே நிற்பார். குதிரை பக்கத்தில் யாராவது கத்தினால் தலையிலிருந்து தொப்பியை எடுத்து, உள்ளே பார்த்துவிட்டு, திரும்பவும் போட்டுக்கொள்வார். அதுதான் அவர் ஏசுவது. கோபம் கூடக்கூட மரியாதை கூடும். "அழகம்மா, தயவுசெஞ்சு அந்த வாளிய அந்தப் பக்கம் வைக்கிறீங்களா?" என்று கேட்டார் என்றால் அன்றைக்கு வேலை போகாமல் தப்பினது புண்ணியம்.

எங்கள் லாயம் பந்தயத்தில் பெயர் எடுத்தது இல்லை. சீசனுக்கு வருகிறவர்களைக் குதிரையில் ஏற்றி ஏரிக்கரையில் சுற்றிக் கொண்டுவருவோம். கண்டி, மாத்தளைப் பக்கம் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை கொண்டுபோவோம். அதனால் குதிரையை லொறியில் ஏற்றி இறக்குவது அடிக்கடி வருகிற வேலை. மாத்தயா அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். லொறியை மேட்டோரமாகப் பின்னால் எடுத்து நிறுத்த வேண்டும்; அப்போதுதான் ஏறு பலகை செங்குத்தாக நிற்காமல் சாய்ந்து படுக்கும். பலகைமேல் தேங்காய்த் தும்பு விரிப்பு, அதன்மேல் கொஞ்சம் வைக்கோல். குதிரைக்கு நான்கு காலிலும் துணி சுற்ற வேண்டும். கயிற்றைக் கையில் சுற்றக் கூடாது, மடித்துப் பிடிக்க வேண்டும். குதிரையின் தோளோடு தோளாக நடக்க வேண்டும், திரும்பி அதன் முகத்தைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் நாம் சந்தேகப்படுகிறோம் என்று அதற்குத் தெரிந்துவிடுமாம். உள்ளே கட்டும்போது கயிற்றுக்கும் வளையத்துக்கும் நடுவில் மெல்லிய சணல் ஒன்று போட வேண்டும். குதிரை விழுந்தால் சணல் அறும், கழுத்து பிழைக்கும். "ஹெமின், ஹெமின்" என்று சொல்லிக்கொண்டே இதையெல்லாம் செய்வார். மெதுவாக, மெதுவாக என்று அர்த்தம்.

இந்த முறையில் ஒரு குறை இருப்பதாக எனக்குப் பட்டது. சாமி கும்பிடுவது இல்லை.

தோட்டத்தில் கொழுந்து லொறிகூட எலுமிச்சம்பழத்தை நசுக்காமல் நகராது. இங்கே உயிருள்ள பிராணியை இத்தனை வளைவுள்ள மலைப்பாதையில் சும்மா அனுப்புகிறார்களே என்று எனக்கு ஆறவில்லை. ஆகவே அந்தப் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். டயருக்குக் கீழே எலுமிச்சம்பழம், பலகைக்குப் பக்கத்தில் கற்பூரம், லொறிக்கு முன்னால் ஒரு தேங்காய். மாத்தயா பார்த்துக்கொண்டு நின்றார். "நல்லம்" என்றார். லாயத்தில் அப்போதிருந்த கிழட்டுக் குதிரைகள் இரண்டும் இதைக் கண்டுகொள்ளவே இல்லை. அவை லொறிக்குள் இருக்கிற புல்லைத் தவிர வேறெதையும் கண்டுகொள்கிறவை அல்ல.

அப்புறம் மிளகி வந்தாள். வெள்ளை உடம்பில் மிளகைப் பொடித்துத் தூவினது போலப் புள்ளி. பேப்பரில் அவளுக்கு ஏதோ இங்கிலீசுப் பேர். மிளகி என்று வைத்தது நான். இளசு, பயந்தவள், ஆனால் என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு தூங்குவாள். அவள் முதல் பயணம் கண்டியில் ஒரு கல்யாணத்துக்கு. பலகையில் பாதி ஏறிவிட்டாள். அந்த நேரம் பார்த்து, அன்றைக்குப் பலகைக்குப் பக்கத்திலேயே நான் தேங்காயை ஓங்கி அடித்தேன். ஓட்டுத் துண்டு ஒன்று பறந்து வந்து அவள் முன்னங்காலில் பட்டது. துள்ளிக் கீழே குதித்துவிட்டாள். தேங்காய் அப்படிச் சிதறினால் திருஷ்டி முழுதும் போயிற்று என்று எங்கள் பக்கத்தில் கணக்கு. ஆகவே எனக்குப் பெரிய சந்தோஷம்.

அடுத்த தடவை அவள் பலகைக்கு வரவே மறுத்தாள். ஊர்க்கண் என்று முடிவு செய்தேன். அழகான குதிரை, பார்க்கிறவன் எல்லாம் வாயைப் பிளக்கிறான், பிறகு என்ன? கற்பூரத்தைக் கூட்டினேன். அதற்கடுத்த தடவை பின்னங்காலில் நின்றாள். நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன், நெற்றியில் திருநீறு பூசினேன். திருநீறு மூக்கில் ஏறி என் முகத்திலேயே தும்மினாள். வேப்பிலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். கடைசியாகக் குங்குமம் தடவிய பூசணிக்காய் வரைக்கும் போய்விட்டேன். எங்கள் லொறி டிரைவர் செபமாலை ஸ்டியரிங்கில் சாய்ந்துகொண்டு கேட்டார்.

"அழகம்மாக்கா, நான் லொறி கொண்டாந்தேனா, தேர் கொண்டாந்தேனா?"

"ஒங்களுக்கு என்னாங்க தெரியும்? கண்ணுபட்ட குதிரை இது."

"எல்லாத்தயும் ஏத்தியாச்சு. குதிரைதான் பாக்கி."

அன்றைக்கு மாத்தளையில் மாப்பிள்ளை ஆட்டோவில் ஊர்வலம் போனார். மாத்தயா தொப்பியை எடுத்து வெகுநேரம் உள்ளே பார்த்தார்.

நடுவில் ஒருமுறை எனக்குக் காய்ச்சல். வேலைக்குப் போகவில்லை. அன்றைக்கு மிளகியைக் கண்டிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. சாயங்காலம் செபமாலை வந்து சொன்னார், ஒரு சத்தம் இல்லாமல் ஏறினாள் என்று. நான் போர்வைக்குள் இருந்தபடியே கையெடுத்துக் கும்பிட்டேன். காலையில் காய்ச்சலோடு காய்ச்சலாக அவளுக்காக ஒரு நேர்த்தி வைத்திருந்தேன். படுத்துக்கொண்டு வைத்த நேர்த்திக்கே இவ்வளவு பலன் என்றால், எழுந்து நின்று செய்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். யோசித்ததை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது.

பிறகு அந்த நாள் வந்தது. மழைக்காலம், பகலிலேயே மூட்டம். மிளகி காலைத் தீனியைத் தொடவில்லை. கழுத்தைத் திருப்பித் தன் வயிற்றையே பார்த்தாள். முன்னங்காலால் தரையைக் கீறினாள். படுத்தாள், புரண்டாள், எழுந்தாள், திரும்பவும் படுத்தாள். வியர்வை சொட்டியது. முதல்நாள் மாலையிலிருந்து சாணி போடவில்லை. மாத்தயா அவள் வயிற்றில் காதை வைத்துக் கேட்டார். நல்ல குதிரைக்கு வயிற்றுக்குள் தண்ணீர் ஓடுகிற மாதிரி சத்தம் கேட்கும். "ஒண்ணுமே கேக்கல" என்றார். ஊர் மிருக வைத்தியர் வந்து ஊசி போட்டார். குடல் அடைத்துக்கொண்டிருக்கிறது, உடனே பேராதனை மிருக ஆஸ்பத்திரிக்கு இறக்குங்கள், இங்கேயே வைத்திருந்தால் பிழைக்க மாட்டாள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

லொறியில் ஏறினால் உயிர், ஏறாவிட்டால் இல்லை. ஏறவே மாட்டேன் என்கிற குதிரை.

இந்த நேரத்தில்தான் அழகம்மா தேவை என்று எனக்குத் தோன்றியது. கையில் இருந்த கற்பூரம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொளுத்தினேன். தேங்காயைச் சுற்றி அடித்தேன். வயிற்றுவலியில் தலையைத் தூக்கவே முடியாமல் நின்றவளுக்கு எங்கிருந்து பலம் வந்ததோ, மாத்தயாவையும் கயிற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு பின்னால் பாய்ந்தாள். பின்னங்கால் பலகையிலிருந்து வழுக்கி, முழங்கால் கல்லில் உரசி ரத்தம் வந்தது. உடம்பு கிடுகிடு என்று ஆடியது. நான் அழுதுகொண்டே இன்னொரு எலுமிச்சம்பழம் தேடினேன்.

மாத்தயா தொப்பியை எடுத்தார், போட்டார். கீழே கிடந்த தேங்காய் மூடியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"அழகம்மா, இந்தத் தேங்கா சரியில்ல."

"ஏங்க மாத்தயா, வெள்ளையாத்தானே ஒடஞ்சிருக்கு?"

"இல்ல, சரியில்ல. பஜாருக்குப் போயி நல்லதா ஒண்ணு வாங்கிட்டு வாங்க. நீங்கதான் போகணும். வேற யாருக்கும் பாத்து எடுக்கத் தெரியாது."

"இந்த அவசரத்துலயா?"

"அவசரப்படாதீங்க. தட்டிப் பாத்து நல்லதா எடுங்க."

ஆபத்து வந்தபோதாவது மனிதருக்கு நம்பிக்கை வந்ததே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. ஓட்டமாக ஓடினேன். கடையில் தேங்காய்க் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டினேன், காதோரம் வைத்து ஆட்டினேன், கண் மூன்றும் பார்த்தேன், குடுமி பார்த்தேன். கடை முதலாளி பொறுத்துப் பார்த்தார்.

"என்னாம்மா, தேங்காய்க்குப் பொண்ணு பாக்குறியா?"

"ஒரு உசுரு ஊசலாடிக்கிட்டு கெடக்குதுங்க மொதலாளி!"

"அப்ப சுருக்கா எடேன்!"

ஆட்டோ பிடித்துத் திரும்பினேன். லொறி நின்ற இடத்தில் லொறி இல்லை. கற்பூரம் எரிந்த இடம் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தது. தேங்காய்த் துண்டு ஒன்றுகூட இல்லை. கீழ் வாசல் பக்கம் ஹோர்ன் சத்தம் கேட்டது. ஓடினேன். ஏறு பலகை தூக்கிப் பூட்டியாகிவிட்டது. செபமாலை ஸ்டியரிங்கில் இருந்தார்.

"ஏறுக்கா, ஏறு."

"குதிரை?"

"உள்ள."

"எப்புடி?"

"நடந்து."

எனக்குச் சந்தோஷப்படுவதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. "பூசை போடாம கெளம்புறதா?" என்று கேட்டேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாத்தயா, "தேங்கா மடியில இருக்கட்டும் அழகம்மா" என்றார். குழந்தையை வைத்திருப்பது போல மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன்.

மலையிறக்கம் முழுதும் மாத்தயா ஹெமின் ஹெமின் என்று சொல்லிக்கொண்டே வந்தார். செபமாலை ஒவ்வொரு வளைவுக்கும் முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, வளைவில் பிரேக்கைத் தொடாமல் திருப்பினார். முதலில் பின்னால் குளம்பு உராய்கிற சத்தமும் பலகையில் உதைக்கிற சத்தமும் கேட்டன. உதைக்கும் வரைக்கும் உயிர் இருக்கிறது என்று தைரியம். இறம்பொடைக்கு மேலே வரும்போது சத்தம் நின்றுவிட்டது. மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஆஞ்சநேயர் கோயிலுக்குத் திரும்புகிற பக்கம் லொறியை ஓரங்கட்டினோம். மாத்தயா பக்கக் கதவைத் திறந்தார். திறந்தபடியே நின்றார்.

மிளகி நின்றுகொண்டிருந்தாள். பின்னால் தரையில் ஒரு குவியல், ஆவி பறக்க. வளைந்து வளைந்து இறங்கிய குலுக்கலில் அடைப்பு விட்டுப் போயிருக்கிறது. மாத்தயா சாணியில் ஒன்றைக் கையில் எடுத்துப் பிட்டுப் பார்த்து, "ஹரி" என்றார். சிங்களத்தில் சரி என்று அர்த்தம். செபமாலை நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டார். சாணியைப் பார்த்துச் சிலுவை போட்ட மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

எனக்கோ சாமிக்கு நன்றி சொல்லாமல் இருக்க முடியவில்லை. எதிரே மலைமேல் ஆஞ்சநேயர். கையில் தட்டித் தட்டி எடுத்த தேங்காய். தலைக்கு மேலே தூக்கினேன்.

மிளகியின் காது இரண்டும் பின்னால் ஒட்டிக்கொண்டன. கண்ணில் வெள்ளை தெரிந்தது. பின்புறத்தால் லொறிச் சுவரில் ஒரு மோது மோதினாள். நான் திகைத்துப்போய்த் தேங்காயை இறக்கினேன். அவளும் நின்றாள். என்ன என்று புரியாமல் திரும்பவும் தூக்கினேன். திரும்பவும் மோதினாள். சந்தேகம் தீருவதற்காக மூன்றாம் முறையும் தூக்கினேன்.

"அக்கா, போதும்க்கா!" என்று செபமாலை கத்தினார். "லொறி பள்ளத்துல எறங்கிரும்!"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மூன்று தடவை தூக்கிய பிறகு. அவளுக்கு லொறியும் பயமில்லை, வளைவும் பயமில்லை. கற்பூர வாசம் வந்தால் அடுத்து வெடிக்கும், வெடித்தால் காலில் அடிபடும். இதைத்தான் நான் அவளுக்கு ஒவ்வொரு தடவையும் மறக்காமல், கூட்டிக் கூட்டிச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஊர்க்கண் எல்லாம் என் கையில்தான் இருந்திருக்கிறது.

தேங்காயை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு மாத்தயாவிடம் கேட்டேன். "ஒங்களுக்கு முன்னமே தெரியுமாங்க?"

"நீங்க காய்ச்சல்ல படுத்த அன்னைக்கு ஒரு சந்தேகம் வந்திச்சு. இன்னைக்குத்தான் நிச்சயமாச்சு."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமேங்க."

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "நான் வேற சாமி கும்பிடுற ஆள் அழகம்மா. ஒங்க பூசைய நிப்பாட்டுங்கன்னு நான் எப்புடி சொல்றது?" என்றார். பிறகு, "இன்னைக்கு மட்டும் ஒங்களக் கடைக்கு அனுப்புனேன். மன்னிச்சுக்கங்க" என்றார்.

அவர் மரியாதை கூடினால் எனக்குப் பயம் என்று முன்னால் எழுதினேன். அன்றைக்குப் பயம் வரவில்லை. அழுகைதான் வந்தது. ஆஞ்சநேயருக்கு வெறுங்கையோடு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஏறிக்கொண்டேன். பேராதனையில் சோதித்துப் பார்த்து, மருந்து கொடுத்து, இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். திரும்பி ஏற்றும்போது நான் தூரத்தில் நின்று மிளகிக்கு என் இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். பார்த்தாள். ஏறினாள்.

அதற்குப் பிறகு எங்கள் லாயத்தில் ஒரு முறை உண்டாகிவிட்டது. குதிரை ஏற்றும் நாளில் மாத்தயா எல்லாருக்கும் முன்னால், "அழகம்மா, தேங்கா வாங்கிட்டு வாங்க" என்பார். நானும் சேலையை உதறிக் கட்டிக்கொண்டு, ஒரு மகாராணி போகிற மாதிரி பஜாருக்குப் போவேன். வருவதற்குள் குதிரை ஏறியிருக்கும். தேங்காய் மத்தியானச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளச் சம்பலாகிவிடும். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் இதைப் பார்த்துவிட்டு, அழகம்மா எங்கேயோ மறைவாகப் போய் மந்திரம் செய்கிறாள், அதனால்தான் குதிரை ஏறுகிறது என்று பேசிக்கொண்டார்கள். மாத்தயா திருத்தவில்லை. செபமாலை சிரிப்பை அடக்க லொறிக்கு அடியில் போய் எதையோ பார்ப்பார். நான் முந்தானையைச் சரிசெய்துகொள்வேன். எனக்கு ஏறாத குதிரை இல்லை என்ற பேர் இப்படித்தான் வந்தது.

மாத்தயா இப்போது மகள் வீட்டில் இருக்கிறார். மிளகிக்கு வயதாகிவிட்டது, கல்யாணத்துக்குப் போவதில்லை. இந்தக் கட்டுரை இத்தோடு முடிந்தது என்று நினைத்துக் காகிதத்தை மடித்து வைத்திருந்தேன். இன்று காலையில் நிர்மலா போன் எடுத்தாள்.

"அம்மா, புது வண்டி வந்திருச்சு. மிளகிய கீழ இருக்குற தோட்டத்துக்கு மாத்தலாமுன்னு பாத்தோம். ஏறவே மாட்டேங்குறா. கெழவின்னு பாத்தா எட்டி ஒதைக்கிறா."

எனக்குச் சட்டென்று ஒரு சந்தேகம். "அங்க யாராச்சும் கற்பூரம் கொளுத்துனீங்களா?"

"கொளுத்தாம? புது வண்டியாச்சே. தேங்கா, பூசணிக்கா எல்லாம் ஒடச்சாச்சு. நீங்க அந்தக் காலத்துல அப்புடித்தான் செய்வீங்கன்னு செபமாலை மாமா ஒருதடவ சொன்னாரு."

செபமாலை மீதிக் கதையைச் சொல்லாமல் விட்டிருக்கிறார். சொன்னால் என் பேர் போய்விடும் என்று விட்டாரோ, சிரிப்பதற்காக விட்டாரோ, தெரியவில்லை. பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

"அந்த எடத்த தண்ணி ஊத்திக் கழுவச் சொல்லு. வண்டிய கீழ் வாசலுக்குக் கொண்டுபோகச் சொல்லு. பூசை போட்டது யாரு?"

"நான்தாம்மா."

"அப்ப நீ பஜாருக்குப் போயி தேங்கா ஒண்ணு வாங்கிட்டு வா."

"இந்த நேரத்துலயா? இங்க யாரும்மா குதிரைய ஏத்துறது?"

"அவங்க ஏத்துவாங்க. நீ போ. தட்டிப் பாத்து நல்லதா எடு. அவசரப்படாத."